‘சட்டம் போடுங்கள்’ என்று யாரிடம் கேட்பது? கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயிலிருந்து டெல்லி வரை

கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி கிடையாது. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊரின் கண்மாய் மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் வக்காவும் உண்ணிக்கொக்கும் வந்து கூடு கட்டும். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு பறவை கூட்டை விட்டு எழுந்துபோனால் முட்டையும் குஞ்சும் அவ்வளவுதான். அதனால் ஊரார் தாங்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு இது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி ஆகிய மூன்று கண்மாய்களையும் சேர்த்து 38.4 ஹெக்டேர் பரப்பை அரசு 1977-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

ஊர்க் கட்டுப்பாடு ஊராரைத்தான் கட்டும். வெளியூரிலிருந்து வலையோடு வருகிறவரையோ, கண்மாய்க்குள் நிற்கும் மரத்தை ஏலம் விடும் அலுவலகத்தையோ, கரையை ஒட்டிச் சாலை போட வரும் நிறுவனத்தையோ அது கட்டாது. அவர்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் 2025 ஜனவரியில் கைவிடப்பட்ட பிறகு, ‘எங்கள் கண்மாய்க்கும் மலைக்கும் அப்படி ஒரு பாதுகாப்பு வாங்க முடியாதா’ என்ற கேள்வி சிங்கம்புணரி, திருப்பத்தூர், காரைக்குடி வட்டாரத்தில் இயல்பாகவே எழுகிறது.

முடியும். ஆனால் ‘சட்டம் கொண்டுவாருங்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதும் மனுக்கள் மேசைக்கு மேசை போய்த் தூங்கிவிடும். பெரும்பாலான இடங்களில் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவுதான் இல்லை. எந்த உத்தரவு, அதைப் போடும் அதிகாரம் யாருக்கு என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

சட்டத்துக்கு எத்தனை மாடி?

அரசியலமைப்பில் 1976-ல் நடந்த 42-வது திருத்தம் இரண்டு காரியம் செய்தது. காட்டையும் காட்டுயிரையும் காப்பது அரசின் கடமை என்று 48அ பிரிவையும், குடிமக்களின் கடமை என்று 51அ பிரிவையும் சேர்த்தது. அதோடு காடுகளும் காட்டு விலங்கு, பறவைகளின் பாதுகாப்பும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போயின. அதாவது டெல்லியும் சட்டம் போடலாம், சென்னையும் போடலாம். இரண்டும் மோதினால் டெல்லியின் சட்டம் நிற்கும். மாநிலத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தால் அந்த மாநிலத்துக்குள் மாநிலத்தின் சட்டம் நிற்கும்.

இது எப்படி நடக்கும் என்று சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் நிற்பவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 2014-ல் தடை விதித்தது, 2017 ஜனவரியில் மாநிலம் மத்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. அந்தத் திருத்தம் சரியா தவறா என்பது வேறு விவாதம். கூட்டம் கூடினால் சட்டம் மாறும் என்பதற்கும், மாறிய சட்டம் நீதிமன்றத்தில் நிற்க எவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட வேண்டும் என்பதற்கும் நம் கண்முன் நடந்த பாடம் அது.

காட்டுயிர் விஷயத்தில் ‘சட்டம்’ என்று நாம் சொல்வது நான்கு அடுக்குகளைக் கொண்டது:

1. சட்டம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 போல. நாடாளுமன்றம் இயற்றியது, அதைத் திருத்தவும் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும்; இல்லாவிட்டால் மேலே சொன்னபடி குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலம் தன் எல்லைக்குள் திருத்த வேண்டும்.

2. அட்டவணை. எந்த உயிருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்ற பட்டியல். இது சட்டத்தோடு ஒட்டியிருந்தாலும், 61-வது பிரிவின்படி மத்திய அரசு அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டே இதை மாற்றலாம். ஓட்டெடுப்பு தேவையில்லை.

3. விதிகள். சட்டம் சொல்லாத நடைமுறைகளை நிரப்புவது. 2024 செப்டம்பரில் குன்றக்குடி கோயில் யானை சுப்புலட்சுமி, கொட்டகையில் பிடித்த தீயில் வெந்து இறந்தது. யானையைக் கொல்லாதே, விற்காதே என்று சட்டம் சொல்லும். கொட்டகையின் கூரை எப்படி இருக்க வேண்டும், இரவில் காவல் யார் என்பதெல்லாம் விதிகளின் வேலை. தமிழ்நாட்டுக்கு வளர்ப்பு யானைகளுக்கான தனி விதிகள் 2011 முதல் இருக்கின்றன. அவற்றை இறுக்கச் சொல்லிக் கேட்பதற்கு டெல்லி போக வேண்டாம், சென்னை போதும்.

4. இட அறிவிக்கை. இந்தச் சர்வே எண்கள், இந்த எல்லைகள், இன்றுமுதல் சரணாலயம் என்று சொல்லும் அரசாணை.

கண்மாய்க்கோ கோயில்காட்டுக்கோ பாதுகாப்பு கேட்பவருக்கு வேண்டியது அநேகமாக நான்காவது. அவர் எழுதும் மனுவோ முதலாவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

மயில் எந்த வரிசையில்?

அட்டவணையைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களைத் தரம்பிரிக்கும் சிவப்புப் பட்டியல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடுவது. அது அறிவியல் மதிப்பீடு. அதை வைத்து யாரையும் கைதுசெய்ய முடியாது. 1972 சட்டத்தின் அட்டவணைகள் இந்திய அரசுடையவை. அவற்றை வைத்துத்தான் வழக்குப் போடுவார்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மயிலையே பாருங்கள். சிவப்புப் பட்டியலில் அது கவலை இல்லாத இனம். சிவகங்கைச் சீமையில் நெல்லும் நிலக்கடலையும் போடுகிறவருக்கு அது கவலையோ கவலை. ஆனால் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் எறும்புத்தின்னி, தேவாங்கு, உடும்பு ஆகியவற்றோடு நிற்கிறது. முதல் அட்டவணை உயிரை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

முன்பு ஆறாக இருந்த அட்டவணைகள் 2022 திருத்தத்தால் நான்காயின. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முதலாவது உச்சப் பாதுகாப்பு, இரண்டாவது அதற்கடுத்தது, மூன்றாவது தாவரங்கள், நான்காவது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. தீங்குயிர், அதாவது கேடு செய்வதால் வேட்டையாடினாலும் குற்றமாகாத விலங்கு என்று தனியாக இருந்த அட்டவணை போய்விட்டது. இரண்டாம் அட்டவணையில் உள்ள விலங்கை மட்டும், குறிப்பிட்ட பகுதிக்கும் காலத்துக்கும் தீங்குயிர் என்று மத்திய அரசு அறிவிக்கலாம். மயிலை அப்படி அறிவிக்கச் சொல்லும் மனு நிற்காததற்குக் காரணம் இதுதான்.

அட்டவணையில் பெயர் ஏற்றக் கேட்பவர் 2001-ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஆண்டு மே மாதம் திமிங்கலச் சுறா முதல் அட்டவணைக்கு வந்தது. நல்ல முடிவு, இன்றும் நிற்கிறது. ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அத்தனையையும் ஒரே வீச்சில் சேர்த்தார்கள். மீனவர்கள் கொதித்தெழ, டிசம்பரில் சில இனங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினார்கள். அதே ஆண்டு கடல் அட்டைக்கும் முழுத் தடை வந்தது, அது நீங்கவில்லை. பாக் நீரிணையின் இந்தக் கரையில் கடல் அட்டை எடுத்தால் சிறை, எதிர்க்கரையான இலங்கையில் அது அனுமதி பெற்ற தொழில். கடத்தல் ஏன் ஓயவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையா?

ஓர் இடத்தைக் காக்க என்னென்ன வழி?

இங்கேதான் ஊர்க்காரருக்கு அதிகப் பிடி இருக்கிறது. நான்கு வகை அறிவிக்கைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

1. சரணாலயம். மாநில அரசு அறிவிக்கும். பாதுகாப்பு வலுவானது, கட்டுப்பாடும் அப்படியே. மேய்ச்சல், மீன்பிடி, விறகு எல்லாம் அனுமதிக்கு உட்பட்டுவிடும். உரிமைகளை விசாரித்துத் தீர்க்கும் வேலை மாவட்ட ஆட்சியருடையது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்குச் சரணாலயம் இந்த வகை.

2. பாதுகாப்பகம். அரசுக்குச் சொந்தமான நிலத்தில், உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பிறகு மாநில அரசு அறிவிப்பது. நிர்வாகக் குழுவில் ஊராட்சிக்கு இடம் உண்டு. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டருக்கு 2022-ல் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகம் இப்படித்தான் வந்தது; மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்த உயிர் வலையில் சிக்கினால் அறுத்துவிட்டுக் காப்பாற்றுகிறவரும் அதே மீனவர்தான் என்பதால், அவரை விலக்கிவிட்டு அங்கே எதையும் நடத்த முடியாது.

3. சமுதாயப் பாதுகாப்பகம். பட்டா நிலம், சமுதாய நிலம். உரிமையாளர்கள் விரும்பி முன்வந்தால் மட்டும்.

4. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். இது வேறு சட்டம்: உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002, பிரிவு 37. உள்ளாட்சியைக் கலந்து மாநில அரசு அறிவிக்கும்.

நெல்லைச் சீமையில் தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூர் 2005-ல் பாதுகாப்பகம் ஆனது. பரப்பு 2.84 ஹெக்டேர்தான். கோயிலைச் சுற்றிய மரங்களில் பறவைகள் வந்து தங்கும் ஊர் அது. ஊரார் விரும்பியதால் வந்த அறிவிப்பு. காடு என்றால் ஆயிரம் ஏக்கர் இருக்க வேண்டும், நம் ஊருணிக்கரைத் தோப்புக்கெல்லாம் யார் செவிசாய்ப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு இந்த அளவைச் சொல்ல வேண்டும்.

பாசனக் கண்மாய்களுக்கு, என் கணிப்பில், சரணாலயத்தைவிட இரண்டாவது அல்லது நான்காவது வழியே பொருந்தும். தண்ணீர் திறக்கும் மடையும், கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவும், ஆயக்கட்டுக்காரர் (கண்மாய்த் தண்ணீரில் பாயும் நிலத்துக்காரர்) உரிமையும் இருக்கிற இடத்தில் சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டதும் ஊர் இரண்டாக உடையும். உடைந்த ஊரின் தீர்மானத்தை எந்த அதிகாரியும் மேலே அனுப்ப மாட்டார்.

அரிட்டாபட்டிக் கணக்கு

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் 193.215 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தின் முதல் தலம் அதுதான். வல்லூறு, இராசாளி, சமணர் படுகை, குடைவரைக் கோயில் எல்லாம் சேர்ந்த குன்றுகள். இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு ஏலம் எடுத்த நிறுவனத்தின் பெயரை மத்திய அரசு அறிவித்தது. தொகுதியின் பரப்பு 20.16 சதுர கிலோமீட்டர்.

பாரம்பரியத் தலம் என்று அறிவித்த பிறகும் எப்படி ஏலம் விட்டார்கள்? கனிமச் சட்டத்தில் 2023-ல் வந்த திருத்தம், டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசிடம் கொடுத்திருந்தது. சென்னையின் அறிவிக்கை ஒரு சட்டத்தில், டெல்லியின் ஏலம் இன்னொரு சட்டத்தில்.

அடுத்து நடந்தவற்றை வரிசையாகப் பார்ப்போம். கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று மத்திய சுரங்க அமைச்சகம், பல்லுயிர்த் தலத்தை விலக்கித் தொகுதியின் எல்லையை மறுபரிசீலனை செய்யுமாறு புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டது. இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். சட்ட அறிவிக்கை மட்டும் காப்பாற்றிக் கொடுத்திருக்கக்கூடியது 20.16-ல் 1.93 சதுர கிலோமீட்டர்; ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. மீதிப் பரப்பில் சுரங்கம் வரும் வாய்ப்பு அப்படியே நின்றது. ஜனவரி 7 அன்று மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று முழு ஏலமும் ரத்து.

2022-ன் அறிவிக்கை இல்லாவிட்டால் டிசம்பர் 24 கடிதத்துக்கு அடிப்படையே இருந்திருக்காது. மக்கள் நடக்காவிட்டால் விஷயம் அந்தக் கடிதத்தோடு முடிந்திருக்கும். எல்லை வரையும்போது குன்றை மட்டும் வரைந்து, குன்றுக்குத் தண்ணீர் தரும் ஓடையையும் அது நிரப்பும் கண்மாயையும் விட்டுவிட்டால் நாளைக்கு அதே சிக்கல்தான்.

ஊரிலிருந்து தொடங்கும் காகிதம்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே போடும் தீர்மானம் சட்டம் ஆகிவிடாது. ஆனால் பாதுகாப்பகத்துக்கும் பாரம்பரியத் தலத்துக்கும் ‘உள்ளூர் மக்களைக் கலந்தோம்’ என்று அரசு காட்ட வேண்டிய சான்று அதுவே. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, நகல் எடுத்துவைத்த ஊரின் கோரிக்கை வேகமாக நகரும்.

இரண்டு மனுக்களை ஒப்பிடுங்கள். இரண்டும் கற்பனை.

ஒன்று: ‘எங்கள் ஊரில் அரிய பறவைகள் வருகின்றன. அவற்றைக் காக்கக் கடுமையான சட்டம் இயற்றிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’

இன்னொன்று: ‘எங்கள் ஊராட்சியில் இன்ன சர்வே எண்ணில் உள்ள கண்மாயில், இணைப்பில் உள்ள மூன்று ஆண்டுக் குறிப்பேட்டின்படி, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, பாம்புத்தாரா கூடுகட்டுகின்றன. கண்மாய்க்குள் உள்ள கருவேல மரங்களை வெட்ட ஏலம் விடப்பட உள்ளது. (1) கூடுகட்டும் மாதங்களில் வெட்டைத் தள்ளிவைக்கவும், (2) இக்கண்மாயை 1972 சட்டத்தின் 36அ பிரிவின் கீழ்ப் பாதுகாப்பகமாக அறிவிக்க முன்மொழிவு அனுப்பவும் கோருகிறோம். இன்ன தேதி கிராம சபைத் தீர்மான நகல் இணைப்பு.’

முதல் மனுவுக்கு ‘மனு பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதிவிடலாம். இரண்டாவதற்கு அப்படி எழுத முடியாது. கேட்டது இரண்டு, இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய மேசை எது என்பது அதிலேயே இருக்கிறது.

இரண்டாவது மனுவை எழுத முன்வேலை வேண்டும்:

1. கண்மாய் யாருடையது? ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை. குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். மரம் வனத் துறையின் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டதாக இருக்கலாம். அப்போது நிலம் ஒரு துறை, மரம் ஒரு துறை. மனு இரண்டுக்கும் போக வேண்டும்.

2. என்ன மரம்? நாட்டுக் கருவேலமா, சீமைக் கருவேலமா? சீமைக் கருவேலத்தை ஒழிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவுகள் இருக்கின்றன. கூடு அதன்மேல் இருந்தால் வேரோடு பிடுங்காதே என்று கேட்பது எடுபடாது. குஞ்சு பறக்கும்வரை பொறு என்று கேட்கலாம்.

3. மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. 2002 சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரின் உயிர்வளத்தை அது பதிவேட்டில் ஏற்ற வேண்டும். உங்கள் ஊருக்குக் குழு இருக்கிறதா, பதிவேடு எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். பெயருக்கு எழுதிய பதிவேடாக இருந்தால் அதைத் திருத்தி எழுத வைப்பதே முதல் வெற்றி; ஆந்தையையும் உடும்பையும் ஊர்ப் பெயரில் சொல்லத் தெரிந்த மேய்ச்சல்காரர்தான் அங்கே நிபுணர்.

4. குறிப்பேடு. தேதி, நேரம், இடம், எண்ணிக்கை, யார் பார்த்தது. கைபேசிப் படத்தில் இடக்குறியீடு இருக்கட்டும். ஆனால் கூடு இருக்கும் துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். வேட்டைக்காரரும் படம் பார்ப்பார்.

மனுவைத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கலாம். சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போதும் கொடுக்கலாம். எடுத்த நடவடிக்கையைத் துறை அந்தக் குழுவுக்குச் சொல்லியாக வேண்டும் என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. மாநில வன உயிரின வாரியத்தின் தலைவர் முதலமைச்சர். மாவட்ட வன அலுவலரின் முன்மொழிவு இல்லாமல் வாரியத்துக்கு நேராக எழுதுவதில் பயன் குறைவு.

டெல்லியில் திறக்கும் ஜன்னல்கள்

சட்டத்தையே மாற்ற வேண்டும் என்றால் குடிமக்களுக்கு வாய்ப்பு மூன்று கட்டங்களில் வரும், மூன்றும் குறுகிய காலத்துக்கு.

வரைவு வெளியாகும் கட்டம் முதலாவது. மசோதா வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது 2014-ல் மத்திய அரசு வகுத்துக்கொண்ட கொள்கை, எப்போதும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. சூழல் சட்டத்தின் கீழ் வரும் வரைவு அறிவிக்கைகளுக்கு 60 நாள். 2020-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. கால அவகாசமும் ஆகஸ்ட் 11 வரை நீண்டது. லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. அந்த வரைவு இன்னும் இறுதியாகவில்லை. தமிழில் எழுதிய ஆட்சேபணையும் ஆட்சேபணைதான்.

மசோதாவை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழு இரண்டாவது, அதிகம் பயன்படாததும் இதுவே. வன உயிரினத் திருத்த மசோதா 2021 டிசம்பர் 17 அன்று மக்களவைக்கு வந்து, ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழுவுக்குப் போனது. குழு பொதுமக்களிடம் எழுத்துமூலக் கருத்து கேட்டது. அட்டவணைகளில் விடுபட்ட உயிரினங்களைச் சுட்டிக்காட்டி 2022 ஏப்ரலில் அறிக்கை தந்தது. ஆகஸ்டில் மக்களவை, டிசம்பரில் மாநிலங்களவை. வளர்ப்பு யானையைச் ‘சமய அல்லது வேறு எந்த நோக்கத்துக்கும்’ கைமாற்றலாம் என்ற வாசகத்துக்கு வந்த எதிர்ப்பு எடுபடவில்லை. அது சட்டத்தில் இருக்கிறது. எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்றில்லை.

மூன்றாவது, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, கொண்டுவரச் சொல்லலாம்; ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு நிறைவேறியவை 14 மட்டும், கடைசியாக 1970-ல். அதைவிட ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ‘இன்ன இடம் பற்றி மாநிலத்திடமிருந்து முன்மொழிவு வந்ததா, எப்போது, அதன் நிலை என்ன’ என்று எழுத்துமூலக் கேள்வி போனால் அமைச்சகம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் பின்னால் நீதிமன்றத்துக்கும் உதவும்.

வேறு வாசலால் வந்த பாதுகாப்பு

பிணந்தின்னிக் கழுகு, அதாவது பாறு, இந்தியாவில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது வேட்டையால் அல்ல. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. வேட்டைச் சட்டத்தை எவ்வளவு கடுமையாக்கியும் பயன் இருந்திருக்காது. வழி திறந்தது மருந்துச் சட்டத்தில். 2006-ல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்குக்குத் தடை வந்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் போட்டதால், 2015-ல் ஊசிக் குப்பி 3 மில்லிக்குச் சுருக்கப்பட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டுப்பாட்டை உறுதிசெய்தது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டும் கால்நடைக்குத் தடைசெய்யப்பட்டன. எந்த உயிருக்காகப் பேசப் போனாலும் அது எதனால் சாகிறது என்பதை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. மின்கம்பியா, கிணறா, பூச்சிமருந்தா, சாலையா என்பதைப் பொறுத்து மனு போகும் துறையே மாறிவிடும்.

நீதிமன்றம் போவதானால்

சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டுக்கும் மதுரைக் கிளைதான். பொதுநல வழக்கு அங்கே போடலாம். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. ஆனால் அதன் அதிகாரத்துக்குள் வரும் ஏழு சட்டங்களின் பட்டியலில் 1972 வன உயிரினச் சட்டம் இல்லை. 2002 பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. இதைப் பார்க்காமல் போய்க் கதவடைபட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு.

குற்றம் நடந்தும் துறை வழக்குப் போடவில்லை என்றால் 1972 சட்டத்தின் 55-வது பிரிவு இருக்கிறது. புகார் கொடுக்கப் போகிறேன் என்று 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, எந்தக் குடிமகனும் நடுவர் நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் தாக்கல் செய்யலாம். அறிவிப்பு போனதுமே பல கோப்புகளுக்கு உயிர் வந்துவிடும்.

முகப்பில் தொங்கும் மான்கொம்பு

செட்டிநாட்டுக்கே உரிய ஒன்றோடு முடிக்கலாம். கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பழைய வீடுகளின் முகப்பில், பர்மாத் தேக்குத் தூணுக்கு மேலே மான்கொம்பு, எங்கேயாவது தந்தப் பிடி போட்ட கைத்தடி. பாட்டையா காலத்துப் பொருள். வீட்டைப் பிரிக்கும்போது சாமான்களோடு சேர்த்துப் பழம்பொருள் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டால், விற்றவர் வாங்கியவர் இருவர் மேலும் வழக்கு வரும். இந்தியத் தந்தத்தின் வணிகத்துக்கு 1986-லும், ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு 1991-லும் தடை வந்துவிட்டது.

வாரிசாக வந்தால் தவறில்லை. வந்த 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். அப்பொருள் தன்னுடையது என்று வனத் துறை தந்த உரிமைச் சான்றிதழ் வைத்திருந்தும் அதை வைத்துக்கொள்ள விருப்பமில்லாதவர், 2022 திருத்தம் சேர்த்த 42அ பிரிவின்படி ஏழு வேலைநாள் முன்னறிவிப்பு கொடுத்து ஒப்படைக்கலாம்; இழப்பீடு கிடையாது, பொருள் அரசுடைமை.

சான்றிதழே இல்லாத வீடுகள்தான் சிக்கல். சட்டம் வந்தபோது 30 நாளும், பிறகு 2003 ஏப்ரலிலிருந்து 180 நாளும் அறிவித்துப் பதிவுசெய்யக் கெடு கொடுத்தார்கள். அப்போது வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்திருப்பார். வீடு பூட்டிக் கிடந்திருக்கும். 2003-ல் கொடுத்ததைப் போல இன்னொரு கெடுவை மத்திய அரசு 40அ பிரிவின் கீழ் அறிவிக்கை வெளியிட்டே கொடுக்கலாம். அதைக் கேட்கும் மனுவுக்கு முகவரி டெல்லியில் சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம். நகல் சென்னைக்கு, தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு.